கன்று வீச்சு நோய்ப் பரிசோதனை: குழாயின் மூடி நிறத்தை முதலில் பாருங்கள்

எட்டாம் மாதச் சினையில் எங்கள் கலப்பின மாடு கன்றை வீசியது, அதாவது குறைமாதத்தில் கரு கலைந்துபோனது. நஞ்சுக்கொடி விழவில்லை. அம்மா வெறுங்கையால்தான் அதை எடுத்துப் போட்டார். கொஞ்ச நாளில் பக்கத்தில் கட்டியிருந்த மாடும் வீசியதும், "புருசெல்லோசிஸா இருக்கலாம், அதான் கன்று வீச்சு நோய். ரத்தம் பார்த்துடுங்க" என்றார் கால்நடை மருத்துவர்.

ரத்தம் எடுக்க வந்தவர் ஊதா மூடிக் குழாயில் பிடித்துக் கொடுத்தார். பஸ் பிடித்துப் போனால், ஆய்வகத்தில் வாங்க மறுத்துவிட்டார்கள். "இது ரத்தம் உறையாம இருக்க மருந்து போட்ட குழாய்ண்ணே. எங்களுக்கு சீரம், அதாவது ரத்தம் உறைஞ்சப்புறம் பிரியிற தெளிஞ்ச நீர்தான் வேணும், சிவப்பு மூடியில கொண்டு வாங்க." இதை முன்பே ஒருவர் சொல்லியிருந்தால் ஒரு நாள் பிழைப்பு போயிருக்காது.

அடுத்த முறை சிவப்பு மூடிதான். ஆனால் கால்நடை மருந்தகத்தில் அதை இரவு ஃப்ரீசரில் வைத்துவிட்டார்கள். வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டிய சீரம் செக்கச்செவேலென்று இருந்தது. அதுவும் தள்ளுபடி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதனால் சொல்கிறேன்: ரத்தம் உறையும்வரை குழாயை அசைக்காமல் சாய்த்து வையுங்கள். அப்புறம் துணியில் சுற்றி ஐஸ் பெட்டியில் கொண்டு போங்கள். ஐஸ் நேராகப் படக்கூடாது. மாட்டுக்குக் கிடேரியாக இருந்தபோது இந்த நோய்க்கான எஸ்-19 தடுப்பூசி போட்டிருந்தால் படிவத்தில் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். ஊசியால் உண்டான எதிர்ப்புப் பொருளும் பரிசோதனையில் நோய் மாதிரியே காட்டக்கூடும்.

ஒழுங்கான சீரம் போனபின் ரோஸ் பெங்கால் என்ற முதல்கட்டச் சோதனை சில நிமிட வேலைதான். இரண்டு மாட்டுக்கும் நோய் இருந்தது, எலைசா என்ற இன்னொரு சோதனையிலும் உறுதியானது. தனியாகக் கட்டிவிட்டோம். மாட்டுக்கு இதற்கு வைத்தியம் பார்ப்பதில்லை என்று மருத்துவர் சொன்னபோது மனசு விட்டுப்போனது.

இது மனுஷருக்கும் தொற்றும் என்பதால் அம்மாவுக்கும் ரத்தம் பார்த்தோம். நல்லவேளை, இல்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் விட்டுவிட்டு வந்து, ராத்திரி வியர்த்து, மூட்டும் வலித்தால், மாடு கன்று வீசியதை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். அவராகக் கேட்கமாட்டார். பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்க வேண்டாம். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் கையுறை போட்டு எடுத்து, ஆழக் குழிதோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்; நாய் இழுக்கவிடாதீர்கள்.

மிச்சமிருந்த கிடேரிக் கன்றுக்கு அந்த எஸ்-19 தடுப்பூசி போட்டாயிற்று. நான்கிலிருந்து எட்டு மாத வயதுக்குள் ஒரே முறைதான், தவறவிடாதீர்கள். போட வருபவர் கையுறையும் கண்ணாடியும் அணிந்திருக்கிறாரா என்றும் பாருங்கள். அது உயிருள்ள கிருமி. தவறிக் கையில் குத்திக்கொண்டால் அவருக்கே நோய் வரலாம்.