சொசைட்டியில் பால் ஊற்றிய நேரம்

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். பக்கவாதம் என்று யாரைத் தூக்கிவந்தாலும் நான் முதலில் கேட்பது, "கடைசியாக எத்தனை மணி வரை நன்றாக இருந்தார்?" என்பதுதான். எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டால், விழுந்து கிடந்ததைக் கண்ட நேரத்தைச் சொல்லிவிடுவார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்தக் கணக்கு, அவர் நன்றாக இருந்த கடைசி நிமிடத்திலிருந்தே தொடங்கிவிடுகிறது.

ஒரு மார்கழிக் காலையில், 60 வயதைத் தாண்டிய விவசாயி ஒருவர் வந்தார். வாய் இடப்பக்கம் கோணியிருந்தது. இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னேன். வலது கை பாதியிலேயே இறங்கியது. பேச்சு குழறியது. "காலையிலிருந்தே இப்படித்தான் அம்மிணி" என்றார் மனைவி. தூங்கி எழும்போதே இப்படி என்றால், முந்தைய இரவு படுக்கப்போன நேரத்தைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஊசிக்கான நேரம் கடந்திருக்கும். ஆனால் அவருடைய சட்டைக் கையில் பால் தெறித்துக் காய்ந்திருந்தது.

"மாடு கறந்தது யாருங்க அம்மா?"

"அவர்தான்."

"சொசைட்டிக்குக் கொண்டுபோனது?"

"அவரேதான்."

பேரன் சொசைட்டிக்குப் போன் செய்தான். 6.15க்குப் பால் ஊற்றிவிட்டு, அளவு குறைகிறதே என்று நன்றாகப் பேசிவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார். பேரன் போனை வைத்தபோது மணி 8.

சர்க்கரை குறைந்தாலும் இதே போலக் கை விழும், நாக்கு குழறும் என்பதால் விரலில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை சரியாக இருந்தது. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. ரத்த அழுத்தம் 185/110க்குக் கீழே வந்ததும் ஊசி போட்டோம்.

இதற்கிடையே அந்த அம்மா பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தார். டம்ளரைக் கையிலிருந்து வாங்கி வைத்தேன். முகம் வாடிவிட்டது. வெறும் வயிற்றோடு இருக்கிறாரே என்கிற தவிப்பு எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் விழுங்கும் திறனைச் சோதிக்காமல் ஒரு வாய் காபி கொடுத்தாலும் அது நுரையீரலுக்குள் இறங்கலாம். அது நிமோனியாவாகி உயிரையே எடுத்துவிடக்கூடும். இதை அவர் அருகில் உட்கார்ந்து இரண்டு முறை சொன்னேன்.

மூன்றாம் நாள் வலது கையால் டம்ளரைப் பிடித்தார். அன்றுதான் பேரன் சொன்னான்: போன வாரம் அப்பாருவின், அதாவது தாத்தாவின், கையிலிருந்து அரிவாள் நழுவி விழுந்ததாம், பத்து நிமிடம் கை மரத்துக் கிடந்ததாம், பிறகு தானாகச் சரியாகிவிட்டதாம். அந்தப் பத்து நிமிடம் இன்னும் என்னை உறுத்துகிறது. வலி இல்லாததால் யாரும் அதை நோயாகவே எண்ணவில்லை. அன்றே வந்திருந்தால் இந்தக் கட்டில் அவருக்குத் தேவைப்படாமலே போயிருக்கலாம். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று ரத்த அழுத்த மாத்திரையையும் இரண்டு மாதமாக நிறுத்தியிருந்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைச் சீட்டில் நான் மணி எதுவும் போடவில்லை. 'காலையில், சொசைட்டியிலிருந்து பால் கேன் திரும்பியதும்' என்று எழுதிக் கொடுத்தேன்.