ஆடியில் சும்மா கிடக்கும் பேட்டரிகள்

கல்யாண போட்டோ எடுக்கிறவர்களுக்கு ஆடியும் மார்கழியும் கேமரா பையைத் திறக்காத மாதங்கள், புரட்டாசியிலும் பெரிதாக ஆர்டர் வராது. பேட்டரி கெடுவது பெரும்பாலும் அப்போதுதான். வைகாசியில் மண்டபம் மண்டபமாக அலைந்து ராத்திரியோடு ராத்திரியாகச் சார்ஜ் போட்டு ஓட்டுகிறோமே, அதைத் தாங்கிவிடும். ஆனால் சீசன் முடிந்த கையோடு எல்லாவற்றையும் ஃபுல் சார்ஜ் ஏற்றி, மொட்டைமாடி அறையில் இருக்கும் இரும்பு பீரோவுக்குள் போட்டுப் பூட்டினால் தாங்காது.

இப்போது வரும் கேமரா பேட்டரி எல்லாமே லித்தியம் அயான். கேனன் எல்பி-இ6, நிக்கான் இஎன்-இஎல்15, சோனி என்பி-எஃப்இசட்100 எதுவானாலும் உள்ளே இருப்பது தொடராக இணைத்த செல்கள். மேலே 7 அல்லது 7.2 வோல்ட் என்று போட்டிருக்கும், சார்ஜரைத் திருப்பிப் பார்த்தால் 8.4 வோல்ட் என்று இருக்கும். அந்த 8.4-இலேயே நாள்கணக்கில் நிற்பதுதான் பிரச்சினை. மின்னழுத்தம் உச்சத்தில் இருக்க, கூடவே வெயிலும் சேர, உள்ளே இருக்கும் மின்பகுபொருள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைகிறது, போன கொள்ளளவு திரும்பி வராது. பேட்டரி யுனிவர்சிட்டி தளம் தரும் கணக்குப்படி, 40 டிகிரியில் ஃபுல் சார்ஜோடு ஒரு வருடம் கிடந்தால் மிஞ்சுவது சுமார் 65 சதவீதம், அதே சூட்டில் 40 சதவீத சார்ஜோடு கிடந்தால் சுமார் 85. இதே 25 டிகிரி என்றால் ஃபுல் சார்ஜில் 80 சதவீதம் மிஞ்சும், 40 சதவீத சார்ஜில் 96. நம் ஊர் மேல்மாடி அறைகள் இதில் எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரியும்.

அதற்காகக் காலியாகவும் வைக்கக்கூடாது. சும்மா இருந்தாலும் சார்ஜ் இறங்கும், உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட்டும் துளித்துளியாகக் குடிக்கும். செல்லின் மின்னழுத்தம் ரொம்பவும் கீழே போய்க் கிடந்தால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். அப்புறம் சார்ஜரில் போட்டால் லைட் படபடவென்று மினுக்கும், ஏறாது. நேரடியாகக் கரண்ட் கொடுத்து உயிர்ப்பிக்கும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, தயவுசெய்து வேண்டாம்.

ஆக, பாதி. 40 முதல் 60 சதவீதத்துக்குள் எங்கேயாவது. கேனன், நிக்கான் மெனுவில் பேட்டரி விவரத்துக்குள் போனால் சதவீதம் தெரியும். அதே பக்கத்தில் நிக்கானில் பேட்டரியின் வயது 0 முதல் 4 வரை எண்ணாகவும், கேனனில் மூன்று பச்சைக் கட்டங்களாகவும் இருக்கும், அதையும் பார்த்து வையுங்கள். பாதியில் நிறுத்தி, கேமராவிலிருந்து கழற்றி, மூடி போட்டு, வீட்டிலேயே குளுமையான அறையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் போதும். மூடி முக்கியம், பையில் கிடக்கும் சாவியோ சில்லறையோ முனைகளில் பட்டால் ஷார்ட் ஆகும். எல்பி-இ6 மூடியில் பேட்டரி வடிவத்தில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். ஒரு பக்கமாகப் போட்டால் அதன் வழியே நீலம் தெரியும், திருப்பிப் போட்டால் தெரியாது. சார்ஜ் ஆனது எது, ஆகாதது எது என்று பிரிப்பதற்காகவே வைத்தது, பாதிப் பேர் கவனிப்பதே இல்லை. ஃப்ரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுத்ததும் வியர்க்கும்.

"முழுசா தீர்த்துட்டு சார்ஜ் போடு" என்று பழைய ஸ்டூடியோ அண்ணன்கள் சொல்வது நிக்கல் காட்மியம் காலத்துப் பாடம், அன்றைக்குச் சரி. லித்தியத்துக்கு அது கெடுதல். ஃப்ளாஷில் போடும் பென்டார்ச் சைஸ் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வேறு சாதி: 2005-இல் சான்யோ கொண்டுவந்த எனிலூப் மாதிரியானவை ஃபுல் சார்ஜிலேயே இருக்கலாம். நாலு நாலாக மார்க்கரில் எண் போட்டு, எப்போதும் அதே நாலைச் சேர்த்தே பயன்படுத்துங்கள். ஃப்ளாஷுக்குள்ளேயே விட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான்.

ஆவணியின் முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ஃபுல் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். அப்போது எதாவது ஒன்று கேமராவுக்குள் இறுக்கமாகப் போனால் அழுத்தாதீர்கள், உப்பியிருக்கிறது என்று அர்த்தம். மேஜைமேல் படுக்கவைத்துச் சுற்றிவிட்டால் பம்பரம்போல ஆடும். முனைகளில் டேப் ஒட்டித் தனியாக வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள், குப்பை வண்டியில் போடாதீர்கள்.