பொலோன்யாவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்

இத்தாலி போகிறவர்கள் ரோம், வெனிஸ் பார்த்ததோடு திரும்பிவிடாமல் தயவுசெய்து பொலோன்யாவுக்கும் போங்கள். ஊர் முழுக்கத் தெருவோரம் தூண் வைத்த நடைமண்டபங்கள்தான், மழை பெய்தாலும் குடை வேண்டாம், 2021இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். குன்றின் மேலுள்ள சான் லூக்கா மாதா கோயிலுக்கு 666 வளைவுகளுக்குக் கீழே கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் நடை, மூச்சு வாங்கும், ஆனாலும் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் மஜ்ஜோரே சதுக்கம். அங்கே பொதெஸ்தா மாளிகையின் வளைவுக்குக் கீழே ஒரு மூலையில் சுவரைப் பார்த்து நின்று கிசுகிசுத்தால், எதிர்மூலையில் நிற்பவருக்குக் காதோரம் சொன்னதுபோல் கேட்கிறது, நடுவில் அத்தனை பேர் பேசிக்கொண்டு போனாலும். நான் "என்னம்மா, கேட்குதா?" என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து என் மகள் "பசிக்குதுப்பா" என்றாள். சரி என்று நேரே தாலியத்தெல்லே என்கிற நாடா மாதிரியான பாஸ்தா சாப்பிடப் போனோம், நிதானமாக வேகவைத்த கறிக் குழம்போடு.