997 வாங்கும் யோசனை
கையில் பணம் தாராளமாக இருக்கிறது, பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கலாமா என்று நண்பர் கேட்டதிலிருந்து என் நினைவெல்லாம் போர்ஷே 911-ஐ, அதிலும் 997 தலைமுறையையே சுற்றிக்கொண்டிருக்கிறது. (கேட்டது அவர், ஆசை வந்தது எனக்கு.) 2008 வரை வந்த கரேரா (911-இன் அடிப்படை வகை) வண்டிகளில் எஞ்சினுக்குள் உள்ள இடைத்தண்டின் பேரிங், அரிதாகத்தான் என்றாலும், உடைந்தால் எஞ்சினே பாழாகிவிடக்கூடும் என்பதும், 3.8 லிட்டர் எஞ்சின்களில் சிலிண்டர் சுவரில் கீறல் விழுவதுண்டு என்பதும் இந்த வண்டியை அறிந்தவர்களுக்குப் பழைய செய்தி. 2009 மாடலில் அந்த இடைத்தண்டையே நீக்கி, எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் பாய்ச்சும் புதிய எஞ்சினைப் பொருத்தினார்கள். பிடிகே என்னும் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸும் அப்போதுதான் 911-க்கு வந்தது. ஆகவே விலை கூடினாலும் பிந்தியதையே எடுக்கச் சொன்னேன். முந்தியதுதான் வேண்டுமென்றால், சிறு கேமராவைச் சிலிண்டருக்குள் விட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. குறைந்த கிலோமீட்டர் என்பதில் எனக்குப் பெரிய மயக்கமில்லை. ஆண்டுக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டியைவிட, ஆயில் மாற்றிய ரசீதுகளோடு தவறாமல் ஓடிய வண்டியே மேல். நண்பரோ இப்போது நிறத்தைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறார்.