கார்த்திகையில் மல்லிச் செடியை வெட்டுகிறோம்

போன வாரம் அப்பா செடியை வெட்டிவிடும் கவாத்துக் கத்தரியை எடுத்து எண்ணெய் போட்டதுமே வீட்டில் பேச்சு கிளம்பிவிட்டது. நிலக்கோட்டை மார்க்கெட்டில் மல்லி கிலோ 2,000 ரூபாயைத் தாண்டி நிற்கிறது, இந்த நேரத்திலா செடியை வெட்டுவீங்க அண்ணே என்று சித்தப்பா கேட்கிறார். கேட்கத்தான் செய்வார். விலை ஏறிக் கிடக்கும்போது செடியை மொட்டையடிக்க எங்களுக்கும் மனசு வருவதில்லை.

எங்களுக்கு இருப்பது 40 சென்ட். செடிக்குச் செடி ஒன்றேகால் மீட்டர் விட்டு, ஏறக்குறைய ஆயிரம் செடி. சித்திரை வைகாசியில் விடியற்காலை மூன்று மணிக்கு நெற்றி லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால் நாளுக்குப் பத்து, பன்னிரண்டு கிலோ வரும். பனி விழ ஆரம்பித்துவிட்டால் அதே ஆயிரம் செடியையும் தடவித் தடவிப் பறித்தாலும் அரைக் கிலோ தேறாது. மார்கழியில் கல்யாணம் இல்லை, ஆனாலும் விலை இறங்காது, வரத்தே இல்லையே. ஆக அந்த அரைக் கிலோவுக்கு ஆயிரம் ரூபாய். அது கையில் வருகிற காசு, அதை வேண்டாம் என்று சொல்வது லேசில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ஆயிரத்துக்காக வெட்டாமல் விட்டோம். தங்கச்சிக்கு காலேஜ் பீஸ் கட்ட வேண்டியிருந்தது, நான்தான் அப்பாவிடம் பேசி நிறுத்தினேன். தை வரைக்கும் கொஞ்சம் காசு பார்த்தோம், உண்மைதான். ஆனால் மல்லி புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும், பழைய குச்சியை அப்படியே விட்டால் தளிர் எங்கிருந்து வரும்? பங்குனியில் பக்கத்துத் தோட்டத்தில் கூடை கூடையாய் எடுக்கிறார்கள், எங்கள் செடி இடுப்புக்கு மேல் வளர்ந்து உள்ளே காற்றுப் போகாமல் அடைந்து கிடக்கிறது. வந்த மொட்டிலும் பாதி பருக்காமல் ஊதா நிறமாகி நின்றுவிட்டது. எல்லாம் மொட்டு ஈ செய்த வேலை. அதன் புழு மண்ணில் விழுந்துதான் கூடு கட்டும், கொத்திப் புரட்டி வெயில் காட்டினால் பெரும்பாலும் செத்துப்போகும். கவாத்து இல்லை என்றதும் நாங்கள் கொத்தவும் இல்லை. அந்த சீசனில் பூ விற்ற காசு பாதிக்கு மேல் மருந்துக்கடைக்குத்தான் போனது. அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்றைக்கும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அதனால் இந்த வருஷம் கத்தரி என் கையில். தரையிலிருந்து ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் மேலே வெட்ட வேண்டும், முழங்கால் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் காய்ந்தது, அப்புறம் ஒன்றோடொன்று குறுக்கே உரசுகிற கிளை, அப்புறம்தான் மற்றது. கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டினால் தண்ணீர் நிற்காது. அரிவாளால் ஒரே வீச்சில் முடித்துவிடலாம் என்பார்கள், ஆனால் அரிவாள் பட்ட குச்சி பிளந்துபோகிறது, அந்தப் பிளவு வழியாகக் கருகிக்கொண்டே கீழே இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். கட்டை விரல் பருமனுள்ள வெட்டுகளுக்கு அம்மா காப்பர் ஆக்சிகுளோரைடு என்கிற பூஞ்சை மருந்தைக் குழைத்துப் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தடவிக்கொண்டே பின்னால் வருகிறார். நுனி எல்லாம் நீலப் பொட்டு வைத்ததுபோல் இருக்கிறது. வெட்டிய தழை ஆட்டுக்கு, குச்சி அடுப்புக்கு. மருந்தடித்து ஒரு மாதம் ஆகவில்லை என்றால் ஆட்டுக்குப் போடுவதில்லை.

வெட்டி முடித்ததும் ஒவ்வொரு செடியைச் சுற்றியும் கொத்தி, செடிக்குப் பத்துக் கிலோ தொழு உரம். கேட்கும்போது சின்னதாகத் தெரியும், ஆயிரம் செடிக்குப் பத்து டன், மூன்று நாலு டிராக்டர் லோடு, அத்தனையும் வரப்பு ஓரத்திலிருந்து தலைச்சுமையாகத்தான் உள்ளே போக வேண்டும். எங்கள் மாட்டுச் சாணம் ஒரு லோடுகூட வராது, மீதி விலைக்குத்தான்.

சொட்டுநீர்க் குழாய்களின் கடைசி மூடியைத் திறந்து உப்புப் படிவு போகிற வரை தண்ணீர் விட்டோம். செத்துப்போன இருபது, முப்பது செடிக்கு ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்து நாற்று சொல்லியிருக்கிறது, அந்த மணல் பூமியில் வேர் பிடிப்பதுபோல் வேறு எங்கும் பிடிப்பதில்லை, இந்தப் பக்கம் எல்லோரும் அங்கிருந்துதான் வாங்குகிறோம். செடிகளுக்கு நடுவில் இப்போது நல்ல வெளிச்சம் விழுவதால் கொத்தமல்லி தூவலாம் என்பது அம்மாவின் யோசனை. தழைக்காக எடுத்தால் ஒன்றரை மாதத்தில் கை கொடுக்கும், மல்லி மொட்டு வைக்க எப்படியும் மாசி ஆகிவிடும்.

செப்டம்பர் கடைசியிலேயே வெட்டிவிட்டுப் பனிக்காலத்தில் பூ எடுப்பவர்களும் உண்டு. அடுத்த வருஷம் ஒரு பத்துப் பாத்தியில் மட்டும் அப்படிச் செய்து பார்க்கலாம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். யோசிப்போம் என்றார்.

நேற்று சாயங்காலம் முதல் நாள் வெட்டிய வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். கணுவுக்கு இரண்டு பக்கமும் அரிசி முனை அளவுக்குப் பச்சை எட்டிப் பார்க்கிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் ஏற்கெனவே காலையிலேயே பார்த்துவிட்டாராம். இன்னும் பதினான்கு வரிசை பாக்கி இருக்கிறது, நாளைக்குக் காலையில் தொழு உர லோடு வருகிறது.