எலுமிச்சம்பழத்தோடு கல் கடைக்கு: சமையல் மேடை முதல் பூஜையறை வரை

மேடைக்குக் கல் எடுக்கக் கிளம்பும்போது பையில் இருக்க வேண்டியவை: அளவு டேப், ஒரு பாட்டில் தண்ணீர், பாதி எலுமிச்சம்பழம், கொஞ்சம் நெயில் பாலிஷ் ரிமூவர், ஒரு வெள்ளைத் துணி. இவற்றோடு சமையலறையின் அளவு போட்ட தாளும் வேண்டும். நிறத்தைப் பார்த்து மயங்கிக் கல்லை எடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்துக் கறைக்கு வழி தேடுவதைவிட, கடையிலேயே அரை மணி நேரம் கூடுதலாக நிற்பது லாபம்.

கடையில் சொல்லும் பெயர்களை நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம். காஷ்மீர் ஒயிட் காஷ்மீரிலிருந்து வருவதில்லை. அது நம் மதுரைப் பக்கத்துக் கல். அதில் தெரியும் சிவப்புப் புள்ளிகள் கார்னெட் என்ற கனிமம். பிளாக் கேலக்ஸி வருவது ஆந்திராவின் ஓங்கோல் பக்கம் உள்ள சீமகுர்த்தியிலிருந்து. அறிவியல்படி பார்த்தால் அது கிரானைட்டே இல்லை, கேப்ரோ என்ற வேறு வகைக் கல். சமையல் மேடைக்கு அந்தக் குறை பெரிய நிறை. கல் இறுக்கமாக இருப்பதால் எண்ணெயையும் மஞ்சளையும் உள்ளே விடாது. வெளிர் நிறக் கற்கள் பலவற்றில் இந்த இறுக்கம் கிடையாது. அதனால் "கிரானைட்தானே, ஒன்றும் ஆகாது" என்று மொத்தமாகச் சொல்பவரிடம், எந்தக் கிரானைட் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

தண்ணீர்ச் சோதனையை முதலில் செய்யுங்கள். பாலிஷ் போட்ட பக்கத்தில் நாலைந்து சொட்டு விட்டு, 15 நிமிடம் வேறு கல் பார்த்துவிட்டு வாருங்கள். துடைத்த இடம் கறுத்திருந்தால் கல் உறிஞ்சுகிறது என்று அர்த்தம். இரண்டு மூன்று நிமிடத்திலேயே கறுத்துவிட்டால் அந்தக் கல்லை அடுப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம், வரவேற்பறை டீப்பாய்க்கு வைத்துக்கொள்ளலாம். கடையில் கல் சாய்த்து நிறுத்தியிருக்கும், சொட்டு வழிந்துவிடும். உடைந்த துண்டு ஒன்று கேட்டு வாங்கி, தரையில் படுக்கவைத்துச் செய்யுங்கள். அதே லாட்டில் உடைந்த துண்டா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கறுப்புக் கல்லுக்கு அடுத்த சோதனை. சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கறுப்பு என்று விற்பது இந்தத் தொழிலில் பழைய வித்தை. வெள்ளைத் துணியில் ரிமூவரை நனைத்து அழுத்தித் தேய்த்தால் துணியில் கறுப்பு இறங்கும். நல்ல கறுப்பில் ஒன்றும் வராது. வாங்கும் ரிமூவரில் அசிட்டோன் இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். அசிட்டோன் இல்லாத வகையால் இந்தச் சோதனை பலிக்காது.

எலுமிச்சம்பழம் எதற்கு? வெள்ளைக் கிரானைட் என்று சொல்லி மார்பிளைக் காட்டும் கடைகளும் உண்டு. பாலிஷ் இல்லாத ஓரத்தில் சாறு ஒரு சொட்டு விட்டால், மார்பிளிலும் சுண்ணாம்புக்கல் வகைகளிலும் சின்னச் சின்னக் குமிழ் கிளம்பும், இல்லையென்றால் ஐந்து நிமிடத்தில் அந்த இடம் மங்கும். கிரானைட் அசையாது. புளி, தக்காளி, மோர், வினிகர் என்று நாள் முழுக்கப் புளிப்பு சிந்தும் நம் சமையலறைக்கு இந்த ஒரு சொட்டே தீர்ப்பு. மார்பிள், கடப்பா, கோட்டா, தாண்டூர் எல்லாமே புளிப்புக்கு ஆகாத குடும்பம். கடப்பாவை அலமாரித் தட்டுக்கும் மேடையின் அடித்தாங்கலுக்கும் போடலாம். மேல் மேடைக்கு வேண்டாம்.

விரிசல் பார்க்கக் கண் மட்டும் போதாது. கல் முழுவதும் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டு, காயும்போது கவனியுங்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாக நின்றால் அது விரிசல். இயற்கையான ரேகை மற்ற இடத்தோடு சேர்ந்தே காயும். பிறகு கல்லின் முதுகைப் பாருங்கள். ஃபைபர் வலை ஒட்டியிருந்தால் அந்தக் கல் தானாக நிற்கும் பலமில்லாதது என்று ஒட்டியவரே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளலாம். இறக்குமதி மார்பிளில் வலை சாதாரணம். உள்ளூர்க் கிரானைட்டில் இருந்தால் காரணம் கேளுங்கள்.

கனம் பெரும்பாலும் சொல்வது 20 மில்லிமீட்டர், டேப் காட்டுவது 16 அல்லது 17. நான்கு மூலையிலும் அளந்து பார்த்து, 18க்குக் குறையாததை மேடைக்கு எடுங்கள். 18 மில்லிமீட்டர் கிரானைட் சதுர அடிக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ வரும். 9 அடிக்கு 2 அடி துண்டு ஒன்றே 80 கிலோ. மாடிப்படி வளைவில் திரும்புமா என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும்.

கட்டர் சைஸ் கல் இரண்டு, இரண்டரை அடி அகலத்தில் கிடைக்கும். விலை குறைவு, ஆனால் நீளம் ஏழெட்டு அடிதான், அதற்கு மேல் மேடை போனால் ஜாயிண்ட் விழும். கேங்சா என்ற பெரிய அறுவை மெஷினில் அறுத்த கல் ஆறடிக்கு மேல் உயரம் இருக்கும். அதில் இரண்டடிப் பட்டைகள் மூன்று எடுத்து, மிச்சத்தில் ஓரப்பட்டி போடலாம். எத்தனை பட்டை எப்படி வெட்டுவது என்று தாளில் வரைந்து பார்த்த பிறகுதான் எத்தனை கல் என்று சொல்ல வேண்டும். சதுர அடியை மட்டும் கூட்டிச் சொன்னால் கடைசியில் ஒரு துண்டு குறையும், அதே லாட் அப்போது கிடைக்காது. எல்லாக் கல்லும் ஒரே பாளத்தில் அடுத்தடுத்து அறுத்தவையா என்று ஓரத்தில் எழுதிய எண்ணைப் பாருங்கள். 10 சதவீதம் கூடுதலாக எடுத்து, மிஞ்சும் துண்டைப் பரணில் போட்டு வையுங்கள். பின்னால் சீலர் (கறை உள்ளே ஊறாமல் தடுக்கும் பூச்சு), கறை நீக்கி எல்லாவற்றையும் முதலில் அதில்தான் சோதிக்க வேண்டும்.

இனி சிங்க். மேடை உடைந்தது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை சிங்க் மூலையில் தொடங்கியவை. காரணம் கல் இல்லை, வெட்டிய விதம். கட்டிங் மெஷின் பிளேடு வட்டமானது. மேற்பக்கம் மூலை வரை வெட்டியிருந்தாலும் அடிப்பக்கம் முழுதாக அறுபட்டிருக்காது. அதை முடிக்க ஆள் பிளேடை மூலையைத் தாண்டி இன்னும் ஓர் அங்குலம் இழுப்பார். இரண்டு பக்கமும் இழுத்தால் மூலையில் கூட்டல் குறி மாதிரி இரண்டு வெட்டு. அடுப்பின் சூடு, பாத்திரத்தின் அடி எல்லாம் சேர்ந்து விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். செய்ய வேண்டியது இது: நான்கு மூலையிலும் முதலில் 20 முதல் 25 மில்லிமீட்டர் கோர் பிட்டால் (வட்டத் துளை போடும் பிட்) துளை போட வேண்டும், பிறகு துளைக்குத் துளை வெட்ட வேண்டும். மூலை வளைவாக வந்துவிடும், விசை ஓரிடத்தில் குவியாது. "அதெல்லாம் தேவையில்லை சார், நாங்க இருபது வருஷமா இப்படித்தான் வெட்டுறோம்" என்பார்கள். துளைக்குத் தனியாகக் காசு கொடுத்தாவது போடச் சொல்லுங்கள்.

சிங்குக்கு முன்னால் நிற்கும் பட்டை இரண்டரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது, மூன்று நல்லது. 24 அங்குல மேடையில் 18 அங்குல சிங்க் போட்டால் முன்னே மூன்று, பின்னே மூன்று. பின்பக்கம் குழாய்த் துளைக்கும் அதுவே போதும். வெட்டிய கல்லைத் தூக்கும்போது நிறுத்தியே தூக்க வேண்டும். படுக்கவைத்துத் தூக்கினால் அந்த மூன்று அங்குலப் பட்டை சொந்த எடையிலேயே முறியும். கல்லுக்கு அடியில் மாட்டும் சிங்க் என்றால் இன்னொரு கணக்கு: 24க்கு 18, ஆழம் 9 அங்குலம் உள்ள சிங்க் நிரம்பினால் 60 லிட்டருக்கு மேல் தண்ணீர். அந்தப் பாரத்தைப் பசை மட்டும் தாங்கும் என்று நம்பக் கூடாது. கீழே கடப்பாத் துண்டோ இரும்பு ஆங்கிளோ கொடுங்கள். மேடை ஜாயிண்ட் சிங்க் மேலோ அடுப்புக் குழி மேலோ விழவே கூடாது.

முன் ஓரத்தின் அடியில், விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை உள்ளே, மூன்று மில்லிமீட்டர் ஆழத்தில் நீளமாக ஒரு கோடு கீறச் சொல்லுங்கள். மேடையில் வழியும் தண்ணீர் அந்தக் கோட்டில் தடைபட்டுக் கீழே சொட்டும். கோடு இல்லையென்றால் கல்லின் அடியோடு ஊர்ந்து போய்க் கபோர்டு பலகையை ஊதவைக்கும். பத்து நிமிட வேலை, ஆனால் கேட்காமல் யாரும் செய்வதில்லை.

பதிக்கும்போது முதுகுப் பக்கத்து அறுவைத் தூளைப் பிரஷால் கழுவிவிட வேண்டும், தூள் இருந்தால் கலவை பிடிக்காது. கலவையை அங்கங்கே உருண்டையாக வைத்து மேலே கல்லை அமுக்குவது வேகமான வேலை. ஆனால் உள்ளே பொள்ளல் விழும், தட்டினால் 'டொப்' என்று கேட்கும். பிறகு அங்கே தேங்காய் உடைத்தால் கல்லும் சேர்ந்து உடையும். அதனால் முழுப் பரப்பிலும் கலவை வேண்டும். வெளிர் கல்லுக்கும் மார்பிளுக்கும் வெள்ளை சிமெண்ட் அல்லது வெள்ளை டைல் பசைதான். சாம்பல் சிமெண்டின் நிறம் கீழிருந்து மேலே ஏறிவரும். பதித்த சில வாரம் கல்லில் ஈரத் திட்டுகள் தெரிவது சகஜம், பதற வேண்டாம், காய விடுங்கள். வெள்ளையாக உப்புப் பூத்தால் காய்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போய் மறுபடி பூக்கும்.

சீலரைக் கல் முழுதாகக் காய்ந்த பிறகே பூச வேண்டும். உள்ளே ஊறும் வகை சீலரை வாங்குங்கள், மேலே படலமாகப் படியும் வகை உரியும். துணியால் மெல்லப் பூசி, லேபிளில் சொன்ன நேரம், பொதுவாகப் பத்துப் பதினைந்து நிமிடம், விட்டு, மேலே மிஞ்சியதைக் காயுமுன் துடைத்துவிட வேண்டும். இந்தத் துடைப்பைத் தவறவிட்டால் பிசுபிசுவென்று மங்கல் படியும். ஒரு நாள் தண்ணீர் படாமல் இருக்கட்டும். தண்ணீர்ச் சோதனையில் தேறிய கறுப்புக் கல்லுக்குச் சீலர் தண்டம். உள்ளே போக இடமில்லாமல் மேலேயே நின்று மங்கலாகும். மற்றவற்றில் வருடம் ஒருமுறை தண்ணீர் விட்டுப் பார்த்து, கறுத்தால் மட்டும் திரும்பப் பூசுங்கள்.

பூஜையறை மார்பிளுக்கு வருவோம். வெள்ளை மார்பிளின் எதிரிகள் எல்லாம் கூடும் இடம் அது: நல்லெண்ணெய், குங்குமம், மஞ்சள், அபிஷேகப் பால். விளக்குக்கு அடியில் பித்தளைத் தாம்பாளம் வையுங்கள், அதற்கும் அடியில் ஈரம் தங்கவிடாதீர்கள். அப்படியும் கறை விழும். விழுந்தது கறையா, அரிப்பா என்று முதலில் பிரியுங்கள். செல்போன் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். சுற்றிலும் உள்ளதைவிடக் கறுப்பாக, ஆனால் பளபளப்பு குறையாமல் இருந்தால் கறை. வெளிறி மங்கியிருந்தால் புளிப்பு கல்லையே அரித்திருக்கிறது. அதற்குச் சோப்போ பவுடரோ உதவாது, பாலிஷ்தான் போட வேண்டும்.

கறைக்குப் பத்து போடுவதுதான் வழி, உடம்பு வீக்கத்துக்குப் போடுவது மாதிரியே. எண்ணெய்க் கறைக்கு வாசனையில்லாத டால்கம் பவுடரோ சமையல் சோடாவோ எடுத்து, அசிட்டோன் விட்டுக் கெட்டித் தோசை மாவுப் பதத்தில் குழையுங்கள். கறையைவிட அரை அங்குலம் வெளியே வரும்படி, கால் அங்குலக் கனத்தில் அப்புங்கள். பிளாஸ்டிக் தாளால் மூடி நான்கு பக்கமும் டேப் ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். பிறகு தாளை எடுத்துவிட்டு, பவுடர் தானாகக் காய்ந்து வெடிக்கும் வரை தொடக் கூடாது. எண்ணெயை மேலே இழுப்பது பவுடர் அப்படிக் காய்வதுதான். ஈரமாக இருக்கும்போதே சுரண்டுவதால்தான் பலருக்குப் பலிப்பதில்லை. பழைய ஏ.டி.எம். கார்டால் சுரண்டி எடுங்கள். ஒரே தடவையில் போகாது, மூன்று நாலு தடவை தேவைப்படும். அசிட்டோன் தீப்பிடிக்கும், விளக்கையும் அடுப்பையும் அணைத்து, ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள்.

மஞ்சள், குங்குமம், காபிக் கறைக்கு அசிட்டோனுக்குப் பதில் மருந்துக்கடையில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. இங்கே சமையல் சோடா வேண்டாம், டால்கம் பவுடர்தான். சோடா பட்டால் மஞ்சள் சிவந்துவிடும். சோப்புத் தண்ணீர் பட்டதும் மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாவதும் இதே காரணத்தால்தான். வெயில் விழும் இடமென்றால் மஞ்சளை இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டும் பார்க்கலாம், தானே வெளுக்கும். பெராக்சைடு கறுப்புக் கல்லை வெளுக்கலாம், பரணில் போட்ட துண்டில் முதலில் பாருங்கள். அசிட்டோனையும் பெராக்சைடையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள், வெடிக்கக்கூடிய பொருள் உண்டாகும். முகத்துக்குப் போடும் முல்தானி மட்டியை வெள்ளை மார்பிளில் அப்ப வேண்டாம். அதிலுள்ள இரும்பு புதுக்கறை வைக்கும்.

கேஸ் சிலிண்டர் நின்ற இடத்துத் துரு வட்டம்தான் மிகப் பிடிவாதமானது. கடையில் விற்கும் துரு நீக்கிகளில் சில கிரானைட்டையும் தின்னும் அமிலம் கொண்டவை. சிலிண்டருக்குச் சக்கரம் வைத்த பிளாஸ்டிக் ஸ்டாண்டு வாங்குவது அதைவிட மலிவு. குழாயைச் சுற்றிப் படியும் போர்த் தண்ணீர் உப்புக்குக் கிரானைட்டில் சோப்புத் தண்ணீர் தடவி, ஷேவிங் பிளேடைப் படுக்கவைத்துச் சுரண்டினால் வந்துவிடும். மார்பிளில் பிளேடு கீறும். அங்கே தினமும் துடைத்துக் காயவைப்பது ஒன்றுதான். கழிவறை ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர் எதுவும் எந்தக் கல்லுக்கும் வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பு ஒரு பக்கெட்டுக்கு நாலைந்து சொட்டு, பிறகு நல்ல தண்ணீரில் ஒரு தடவை, பிறகு காய்ந்த துணி.