டோமினோ ஆட நாலு பேர் வேண்டும்

டோமினோவை இரண்டு பேரும் ஆடலாம், மூன்று பேரும் ஆடலாம். ஆனால் என்னைக் கேட்டால், நாலு பேர் எதிரெதிரே கூட்டாளியாக உட்கார்ந்து ஆடுவதுதான் ஆட்டம்!

மொத்தம் 28 காய்கள். ஒவ்வொரு காயிலும் இரண்டு பாதி; பாதிக்கு ஓர் எண், வெறுமை முதல் ஆறு வரை, புள்ளிகளாக இருக்கும். மேசையில் நீளும் காய் வரிசையின் இரண்டு முனைகளில் ஒன்றில், அதே எண் உள்ள காயைச் சேர்த்து வைக்க வேண்டும். கவிழ்த்துப் போட்டுக் கலைத்து, ஆளுக்கு 7 எடுத்தால் நடுவில் மிச்சமே இருக்காது. ஒவ்வோர் எண்ணும் சரியாக 7 காய்களில் மட்டும்தான் வரும். ஆறு உள்ள காய்கள் ஐந்து மேசையில் இறங்கிவிட்டன, மீதி இரண்டும் உங்கள் கையில் என்றால், ஆறு நிற்கும் முனையில் வேறு யாரும் காய் வைக்க முடியாது. எப்போது வைப்பது என்பது உங்கள் இஷ்டம்.

எங்கள் வீட்டில் அம்மா இதில் கெட்டி. யாராவது வைக்கக் காய் இல்லாமல் "பாஸ்" என்றதும் இரண்டு முனைகளையும் ஒரு பார்வை பார்ப்பார். அந்த இரண்டு எண்ணும் பாஸ் சொன்னவர் கையில் இல்லையென்று அர்த்தம் அல்லவா? அப்புறம் அம்மா அதே எண்களைத்தான் அந்த ஆள் பக்கம் திருப்பித் திருப்பி வைப்பார். கூட்டாளியிடம் ஜாடை காட்டக் கூடாது என்பதிலும் கறார்.

நண்பர்கள் வந்தால் மாஜோங் என்ற சீனக் காய் விளையாட்டு. 144 காய்கள் என்பதால், ஆட்டத்துக்கு முன் அவற்றை அடுக்கிச் சுவர் கட்டவே நேரமாகும். அதுவும் பிடிக்கும். ஆனாலும் சின்னப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வதென்றால் டோமினோதான். புள்ளிகளை எண்ணத் தெரிந்தால் போதும், அவர்களும் ஆட்டத்தில் சேர்த்தி. அடுத்த முறை அம்மாவுக்குக் கூட்டாளி நான்தான், இப்போதே சொல்லிவிட்டேன்.